மாலத்தீவு டைவ்: பெண்ட்ஸ் வந்தால் சேம்பர் பில் யார் தலையில்?

நீலாங்கரை_நீந்தி

வணக்கம் மக்களே. பிப்ரவரியில் மாலத்தீவுக்கு லைவ்அபோர்ட், அதாவது படகிலேயே தங்கி டைவ் அடிக்கும் பயணம் போகிறோம், நாலு பேர். ரெண்டு பேரிடம் அட்வான்ஸ்ட் டைவ் பயிற்சிக் கார்டு இருக்கிறது, மற்ற ரெண்டு பேர் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் மட்டும். படகுக்காரர்கள் அனுப்பிய படிவத்தில் "டைவ் இன்சூரன்ஸ் கட்டாயம், பாலிசி எண்ணைக் குறிப்பிடவும்" என்று போட்டிருக்கிறது. டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டைக் கேட்டால், "டிராவல் இன்சூரன்ஸ் போட்டாச்சே சார், எல்லாம் அதுலயே வந்துடும்" என்கிறார்.

பாலிசியை உட்கார்ந்து படித்தேன். நாற்பது பக்கம். ஸ்கூபா என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் விலக்குகள் பட்டியலில், பாராகிளைடிங்குக்கும் மலையேற்றத்துக்கும் நடுவில்.

யாருக்காவது பெண்ட்ஸ், அதாவது ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்புக்குள் வாயுக் குமிழி உண்டாகும் கோளாறு வந்து, அழுத்தம் ஏற்றிச் சிகிச்சை தரும் சேம்பரில் போட வேண்டி வந்தால் நிஜமாக எவ்வளவு ஆகும்? முதலில் யார் பணம் கட்டுவது? டைவர்களுக்கு உதவும் டேன் (டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்) அமைப்பின் மெம்பர்ஷிப் மட்டும் எடுத்தால் போதுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரைவலை

ஏஜெண்ட் சொன்னதை ஒரு மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் அவர் போன் எடுக்கிறாரா என்று பாருங்கள்.

கிளெய்ம்_மாமா

தம்பி, நான் காப்பீட்டுக் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன். என் மகள் டைவ் அடிப்பதால் இந்தப் பக்கமும் கொஞ்சம் படிக்க வேண்டியதாயிற்று.

உங்கள் கேள்விகளில் கடைசியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் சறுக்குவது அங்கேதான். டேன் 1980-ல் அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அமைப்பு. அவர்களுடைய அவசரத் தொலைபேசி இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும், நீங்கள் உறுப்பினரா இல்லையா என்று பார்க்காமலே டைவிங் மருத்துவம் தெரிந்தவர்கள் வழி சொல்வார்கள். ஆனால் வழி சொல்வது வேறு, பில் கட்டுவது வேறு. அமெரிக்கக் கிளையில் மெம்பர்ஷிப் என்பது ஒன்று, அதற்கு மேல் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் டைவ் விபத்துக் காப்பீடு இன்னொன்று. மெம்பர்ஷிப்பில் ஆளை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகும் உதவி உண்டு, சேம்பர் செலவுக்குக் காப்பீடு வேண்டும். ஐரோப்பியக் கிளையில் அமைப்பே வேறு, உறுப்பினர் திட்டத்தோடேயே காப்பீடும் சேர்ந்து வருகிறது. உங்களுக்கு எந்தக் கிளை என்பது நீங்கள் குடியிருக்கும் நாட்டைப் பொறுத்தது. டேன்தான் வேண்டும் என்றும் இல்லை. டைவ்அஷ்யூர், ஜெர்மனியின் அக்வா மெட் என்று வேறு ஆட்களும் இருக்கிறார்கள். யாரிடம் வாங்கினாலும் சென்னை முகவரிக்காரருக்குத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது, யார் முதலில் கட்டுவது. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காப்பீடு இருக்கிறது என்பதால் மட்டும் ஆஸ்பத்திரி கதவு திறந்துவிடாது. கம்பெனியிடமிருந்து "இந்தத் தொகை வரை நாங்கள் பொறுப்பு" என்று ஒரு கடிதம் வர வேண்டும், கியாரண்டி ஆஃப் பேமெண்ட் என்பார்கள். அது வந்தால் உங்கள் கார்டு பையிலேயே இருக்கலாம். வராவிட்டால் நீங்கள் கட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பி ரசீது வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பாலிசி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு லட்சம் கவர்?" என்பதல்ல. "சேம்பருக்கு நேரடியாகக் கட்டுவீர்களா, ராத்திரி இரண்டு மணிக்கும் அந்தக் கடிதத்தை அனுப்ப ஆள் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஆளை இடம் மாற்றும் ஏற்பாட்டைப் பெரும்பாலும் கம்பெனியின் உதவி மையம்தான் செய்ய வேண்டும். நீங்களே விமானம் பேசி, நீங்களே காசு கொடுத்து, பிறகு பில் அனுப்பினால், "எங்களைக் கேட்டீர்களா?" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உயிர் போகிற அவசரத்தில் யாரும் போனுக்குக் காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஆனால் படகில் ஒருவர் ஆக்சிஜன் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் போன் போடலாம்.

அப்புறம் ஆழம். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர்தான் சட்ட வரம்பு, டிகம்ப்ரஷன் நிறுத்தம், அதாவது மேலே வரும் வழியில் வாயு வெளியேறக் கட்டாயம் நிற்பது, தேவைப்படாத டைவாகவும் இருக்க வேண்டும். ஓப்பன் வாட்டர் கார்டுக்குப் பயிற்சி வரம்பு 18 மீட்டர். உங்கள் நண்பர்கள் இரண்டு பேரும் நீரோட்டத்தில் சுறா பார்க்க 27 மீட்டரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள் என்று ஆழத்தையும் நேரத்தையும் பதியும் அவர்கள் டைவ் கம்ப்யூட்டரே சாட்சி சொன்னால், "தகுதிக்கு உட்பட்ட டைவ்" என்ற நிபந்தனை உள்ள பாலிசியில் கிளெய்ம் நிற்காது. போவதற்கு முன் அவர்கள் அட்வான்ஸ்ட் முடிப்பது நல்லது, இல்லாவிட்டால் கைடிடம் சொல்லி 18-லேயே இருக்கட்டும்.

சும்மா_டைவர்

மாமா பயமுறுத்துகிறார். நான் பல வருடமாக டைவ் அடிக்கிறேன், ஒரு ரூபாய் இன்சூரன்ஸ் கட்டியதில்லை. கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு, மெதுவாக ஏறி, மேலே வருமுன் கொஞ்சம் நின்று சேஃப்டி ஸ்டாப் போட்டால் பெண்ட்ஸ் ஏன் வரப்போகிறது? வருகிறவர்கள் எல்லாம் விதியை மீறியவர்கள். இந்தக் காசுக்கு நல்ல ரெகுலேட்டர் சர்வீஸ் பண்ணலாம்.

சிங்கை_செவிலி

வணக்கம். சிங்கப்பூரில் ஹைப்பர்பேரிக் பிரிவில், அதாவது சேம்பர் சிகிச்சை தரும் பிரிவில் வேலை செய்த அனுபவம் உண்டு. சும்மா_டைவர் சொல்வதற்கு மட்டும் முதலில் பதில்.

கம்ப்யூட்டர் உங்கள் உடம்பை அளப்பதில்லை. ஆழத்தையும் நேரத்தையும் வைத்து ஒரு கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் முந்தின நாள் வாந்தி எடுத்து நீர் வற்றிப் போயிருப்பதோ, தூங்காததோ அதற்குத் தெரியாது. நாலில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே மூடாத சின்னத் துளை இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழி அந்த வழியாக நேரே ரத்த ஓட்டத்தின் மறுபக்கம் போய்விடும். வரம்புக்குள் இருந்தும் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "நான் ஒன்றும் தப்பா பண்ணலையே சிஸ்டர்" என்பதுதான் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம்.

இனிப் பணம். ஏன் இவ்வளவு செலவு என்று தெரிந்தால் பில்லைப் பார்த்துத் திகைக்க மாட்டீர்கள்.

உலகம் முழுக்கப் பெரும்பாலும் முதலில் போடுவது அமெரிக்கக் கடற்படையின் டேபிள் 6 என்ற சிகிச்சை அட்டவணை. ஆளைச் சேம்பருக்குள் வைத்து, கடலில் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்துக்குக் கொண்டு போவார்கள், அதாவது நாம் நிற்கும் தரையின் காற்றழுத்தத்தைப்போல 2.8 மடங்கு. முகமூடியில் 20 நிமிடம் சுத்த ஆக்சிஜன், பிறகு 5 நிமிடம் சாதாரணக் காற்று, மறுபடி ஆக்சிஜன். நடுவில் காற்று கொடுப்பது ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வராமல் இருக்க. அப்புறம் அழுத்தத்தை 9 மீட்டருக்குக் குறைத்து, ஆக்சிஜனும் காற்றும் மாறி மாறி இன்னும் நீண்ட நேரம். நீட்டிப்பு எதுவும் இல்லாமலே மொத்தம் 4 மணி 45 நிமிடம். அறிகுறி போகாவிட்டால் நீட்டுவார்கள். உள்ளே நோயாளியோடு ஒரு உதவியாளர் முழு நேரமும் உட்கார்ந்திருப்பார், அவருக்கும் அதே அழுத்தம், அழுத்தத்தைக் குறைக்கும்போது அவரும் ஆக்சிஜன் எடுக்க வேண்டும். வெளியே அழுத்தத்தை இயக்க ஒருவர், பக்கத்தில் டாக்டர். ஒரே ஒரு ஆளுக்காக இத்தனை பேர் ராத்திரி எழுந்து வருகிறார்கள். மறுநாளிலிருந்து சேம்பரில் குறுகிய சுற்றுகள், இனி முன்னேற்றம் இல்லை என்று தெரியும் வரை.

பயணி டைவருக்குத் தனியார் சேம்பரில் இது பல ஆயிரம் அமெரிக்க டாலர். நரம்பு பாதிக்கப்பட்டு, சுற்றுகள் கூடி, இன்னொரு நாட்டுக்கு மாற்ற வேண்டி வந்தால் பல பத்தாயிரம் டாலர் என்பது சாதாரணம். அதில் பெரும்பகுதியைப் பெரும்பாலும் விமானமே தின்றுவிடும்.

பவளப்பூச்சி

செவிலி அக்கா சொன்னதெல்லாம் எங்கள் வீட்டில் நடந்தது. நாடு, ஆஸ்பத்திரி பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை.

என் கணவருக்குக் கடைசி டைவ் முடிந்து குளிக்கும்போது வயிற்றில் நீலமும் சிவப்புமாகப் பளிங்குக் கல்லில் ஓடும் கோடு மாதிரித் திட்டுகள். ஜெல்லிமீன் பட்டிருக்கும் என்றார் டைவ் மாஸ்டர். அரைமணி நேரத்தில் இடது காலில் செருப்பு போட்டிருப்பதே தெரியவில்லை என்றார் இவர். நல்லவேளை, படகிலேயே ஆக்சிஜன் இருந்தது. ஆனால் ஒரு சின்ன சிலிண்டர்தான். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் அது முக்கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை, சேம்பர் இருந்த ஊருக்குப் பாதி வழியில் தீர்ந்துவிட்டது. நீங்கள் படகு பதிவு செய்யும்போது இன்சூரன்ஸைப் பற்றி அவர்கள் உங்களைக் கேட்கிறார்கள் அல்லவா, ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் அவர்களைக் கேளுங்கள்.

கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். காப்பீட்டுக் கம்பெனியின் கடிதம் வரும் வரை முன்பணம் வேண்டும் என்றார். என் கார்டைத் தேய்த்தார், போகவில்லை. மறுபடி தேய்த்தார், போகவில்லை. கார்டில் பணம் இருக்கிறது, ஆனால் வெளிநாட்டில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஆப்பில் ஒரு வரம்பு இருக்குமே, அது குறைவாக இருந்தது. அதை ஏற்ற ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. வருவது இந்திய எண்ணுக்கு, அந்த சிம் ரோமிங்கில் இல்லை. இவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து "விடு, காலையில் பார்த்துக்கலாம், மரத்ததுதானே" என்கிறார். பக்கத்துப் படகில் வந்த முன்பின் தெரியாத ஒரு தம்பதி தங்கள் கார்டைக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கடிதம் வந்ததும் அவர்கள் பணம் திரும்பியது. நாங்கள் வாங்கியிருந்தது தனி டைவ் பாலிசி, அதனால் கடிதமாவது வந்தது.

கால் சரியாகிவிட்டது.

கரைவலை

அக்கா, ஓ.டி.பி. விஷயம் தங்கம். சிம் ரோமிங், வெளிநாட்டு வரம்பு இரண்டையும் விமானம் ஏறும் முன்பே சரி பண்ணி வைக்க வேண்டும். இரண்டு பேர் போனால் இரண்டு வேறு வங்கி கார்டு.

சும்மா_டைவர்

சரி, உள் துளை விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுற்றுலா இடங்களில் சில சேம்பர்கள் இன்சூரன்ஸ் கார்டைப் பார்த்ததும் தோள்வலிக்கெல்லாம் ஐந்தாறு சுற்று போடுகிறார்கள் என்று டைவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். டைவ் கடைக்குக் கமிஷன் வேறு. இதையும் பேசுங்கள்.

சிங்கை_செவிலி

பேசலாம். அந்தச் சந்தேகம் முழுக்கக் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். தனியார் மருத்துவம் எங்கே இருந்தாலும் அந்த ஆசை இருக்கும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். பெண்ட்ஸ் இருக்கிறதா இல்லையா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. டைவ் விவரம், அறிகுறி, நரம்புப் பரிசோதனை இவற்றை வைத்து டாக்டர் முடிவெடுக்கிறார். தோள்வலி டேங்க் தூக்கியதால் வந்ததா, குமிழியால் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது சேம்பரில் போடுவதுதான் பாதுகாப்பான பக்கம். அதனால் தேவைக்கு மேல் ஒரு சுற்று போட்டிருந்தாலும் அதை நிரூபிப்பது கஷ்டம்.

உங்கள் பக்கம் நிற்க ஒருவர் வேண்டுமென்றால் அது மாமா சொன்ன அவசரத் தொலைபேசியில், ஹாட்லைனில், இருக்கும் டாக்டர்தான். சிகிச்சை தரும் டாக்டரோடு அவரை நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். நல்ல இடங்களில் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை, தினமும் நடப்பதுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் செய்த நரம்புப் பரிசோதனையின் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். முன்னேற்றம் நின்ற பிறகும் சுற்றுகள் தொடர்ந்தால் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. தேவையில்லாமல் சேம்பரில் போனவரைவிட, பில்லை நினைத்து ஹோட்டல் அறையில் படுத்துக்கொண்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அமெரிக்கக் கடற்படையின் கணக்கில் அறிகுறிகளில் 42 சதவீதம் மேலே வந்த ஒரு மணி நேரத்துக்குள், 83 சதவீதம் 8 மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும். ராத்திரி சாப்பிடும்போது விரல் மரத்தால், அது நீங்கள் காலையில் அடித்த டைவோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். சீக்கிரம் வந்தவர்கள் ஒரே சுற்றில் சரியாகிப் போவது உண்டு. இரண்டு நாள் கழித்து வந்தால் சுற்றும் கூடும், பில்லும் கூடும், சில சமயம் மரப்பு அப்படியே தங்கிவிடும்.

திருமலைச்_சுழியோடி

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை.

நீங்கள் கதைக்கிறது சுற்றுலாச் சுழியோடிகளைப் பற்றி. எங்கட பக்கத்தில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிற பொடியன்களுக்கு இந்தக் கேள்வியே வாறதில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து சிலிண்டர் முடிப்பினம், கையில் கொம்பியூட்டர் கிடையாது, படகில் ஒட்சிசன் கிடையாது, காப்புறுதி என்றால் என்னவென்றே ஆரும் சொல்லிக் குடுத்ததில்லை. இடுப்புக்குக் கீழே வழங்காமல் போய் வீட்டில் இருக்கிறவை எங்கட கரையோரம் முழுக்க இருக்கினம். வருத்தம் வந்தால் திரும்பவும் தண்ணிக்குள் இறக்கிப் பார்க்கிற பழக்கம் இன்னும் இருக்குது.

அந்தக் கடைசி விசயத்தைச் சுற்றுலா போகிறவைக்கும் சொல்லி வைக்கிறன். காசு மிச்சம் என்று ஆரும் "திரும்ப இறங்கி ஆறு மீற்றரில் நில், சரியாகும்" என்று சொன்னால் கேட்க வேண்டாம். குளிர், தண்ணி வற்றல், கீழே வலிப்பு வந்தால் மூழ்கல். ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டு படுத்தபடி கரைக்கு வாங்கோ.

கரைவலை

எங்கள் தூத்துக்குடியிலும் அதே கதைதான் அண்ணே. சங்குக்குப் போகிறவர்கள் கம்ப்ரஸரில் குழாய் போட்டு வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். மூட்டுவலியை வேப்பெண்ணெய் தடவிப் போக்கப் பார்ப்பார்கள். இதற்குத் தனி இழை திறக்க வேண்டும், நான் திறக்கிறேன்.

மெரினா_மீன்குஞ்சு

இடையில் ஒரு சந்தேகம். அந்தமானுக்குப் போனால் இதே கதைதானா? ஹேவ்லாக்கில் டைவ் கடைகள் அத்தனை இருக்கின்றனவே, சேம்பர் எங்கே?

கிளெய்ம்_மாமா

அந்தமானில் போர்ட் பிளேரில், அதாவது இப்போது ஸ்ரீ விஜய புரத்தில், கடற்படையின் ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரி மருத்துவமனையில் இருக்கிறது. ஹேவ்லாக்கிலிருந்து, அதாவது இப்போது சுவராஜ் தீவு, படகில் போக வேண்டும். கடைசி ஃபெர்ரி போன பிறகு அறிகுறி வந்தால் என்ன ஏற்பாடு என்று உங்கள் டைவ் கடையில் கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் சொல்கிற கடையில் டைவ் அடியுங்கள்.

சென்னையிலும் பெரிய மருத்துவமனைகளில் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அது பெரும்பாலும் ஆறாத நீரிழிவுப் புண் போன்றவற்றுக்குக் கொடுப்பது, முன்பதிவு செய்துகொண்டு போவது. செவிலி அம்மாதான் இதைச் சரியாகச் சொல்ல முடியும்.

சிங்கை_செவிலி

மாமா சொன்னது சரி. ஒருவர் மட்டும் படுக்கும் கண்ணாடிக் குழாய் மாதிரியான சேம்பரில், நடுவில் ஏதாவது ஆனால் உள்ளே கை வைக்க முடியாது. அதிலும் டைவருக்குச் சிகிச்சை கொடுக்கும் இடங்கள் உண்டு, ஆனால் எல்லா இடமும் அவசரத்துக்கு டைவரை எடுப்பதில்லை. சேம்பர் இருக்கிறது என்பதும், இன்றைக்கு ராத்திரி அது டைவருக்குத் திறக்கும் என்பதும் ஒன்றல்ல. ஒரு சேம்பர் பழுதாகி மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும், இணையத்தில் எவனோ போட்ட பட்டியலில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் டேன் பொதுவில் சேம்பர் பட்டியல் போடுவதில்லை, போன் செய்யச் சொல்கிறது.

மாலத்தீவில் சேம்பர் என்றால் நெடுங்காலமாக எல்லோரும் சொல்வது மாலேவுக்குப் பக்கத்தில் இருக்கும் பண்டோஸ் தீவு. நீலாங்கரை_நீந்தி, உங்கள் படகு எந்த அட்டோல்களுக்கு, அதாவது எந்தப் பவளத் தீவுக்கூட்டங்களுக்குப் போகிறது? தெற்கே அத்து அட்டோல் வரை போனால் அது மாலேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். கடல் விமானங்கள் பகலில் மட்டும்தான் பறக்கும். பெண்ட்ஸ் வந்தவரைச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏற்றவும் கூடாது. கேபினில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 2,000 மீட்டர் மலை மேல் நிற்பது மாதிரி, குமிழி இன்னும் பெரிதாகும். தாழப் பறக்க வேண்டும் அல்லது கேபினைத் தரையழுத்தத்தில் வைக்கும் ஏர் ஆம்புலன்ஸ் வேண்டும். அந்த விமானத்துக்குத்தான் இன்சூரன்ஸ் என்றே நான் சொல்வேன்.

ஸ்கார்பரோ_சுந்தரி

கனடாவிலிருந்து. காலாபகோஸ் லைவ்அபோர்ட்களில் சேம்பர் கட்டணம் என்று ஆளுக்கு 35 டாலர் வாங்கும் வழக்கம் உண்டு. மெக்சிகோவின் கோசுமெலிலும் டைவ் கடைகள் சின்னத் தொகை வசூலித்துச் சேம்பரை நடத்துவதற்கு உதவுகின்றன. இதைக் கட்டிவிட்டு "அப்போ கவர் ஆயிடுச்சு" என்று நினைத்துக்கொண்ட ஒருவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். சேம்பர் மூடாமல் இருக்கத் தரும் சந்தா என்றுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் என்ன அடங்கும் என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டும், விமானம் நிச்சயமாக அடங்காது.

மற்றபடி, பில்லில் வராத செலவுகளையும் எண்ணிப் பாருங்கள். சிகிச்சை முடிந்ததும் குறைந்தது 72 மணி நேரமாவது பறக்க விட மாட்டார்கள், டாக்டர் கூடவும் சொல்லலாம். ரிட்டர்ன் டிக்கெட் போச்சு. கூட வந்தவருக்கும் ஹோட்டல், மாலத்தீவு விலையில். டைவ் பாலிசிகள் சிலவற்றில் இதற்கும் ஒரு தொகை உண்டு, அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

சும்மா_டைவர்

ஒரு வருடத்துக்கு எவ்வளவு வரும் இந்த டைவ் பாலிசி? சும்மா கேட்கிறேன்.

கிளெய்ம்_மாமா

மாலத்தீவில் ஒரு நாள் டைவ் அடிக்கும் செலவை ஒட்டி வரும், திட்டத்தைப் பொறுத்து முன்னே பின்னே. சும்மா கேட்டதற்குச் சும்மா சொன்னேன்.

நீலாங்கரை_நீந்தி

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. நிலவரம் சொல்கிறேன்.

டிராவல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேரே மெயில் போட்டேன். சாகச விளையாட்டுக்குத் தனி ரைடர், அதாவது கூடுதல் காப்பு உண்டாம், அதில் ஸ்கூபா வருமாம், ஆனால் நாமே கட்டிவிட்டுப் பிறகு வாங்கும் ரீஇம்பர்ஸ்மென்ட் மட்டும்தானாம். "டிகம்ப்ரஷன் சிகிச்சை" என்ற சொல் ரைடரில் இருக்கிறதா என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. அதனால் நாலு பேரும் தனி டைவ் பாலிசி எடுக்கிறோம், விமானம் ரத்து, பெட்டி தொலைவது இதற்கெல்லாம் பழைய டிராவல் பாலிசி இருக்கட்டும். ஓப்பன் வாட்டர் நண்பர்கள் ஜனவரியில் பாண்டிச்சேரியில் அட்வான்ஸ்ட் முடிக்கிறார்கள். படகுக்காரரிடம் ஆக்சிஜனைப் பற்றிக் கேட்டேன், பெரிய சிலிண்டர்கள் எத்தனை, எங்கே கட்டி வைத்திருக்கிறார்கள் என்று படத்தோடு அனுப்பினார்கள். வழித்தடம் தெற்கு இல்லை, அரி அட்டோல் பக்கம்தான்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. நாளைக்குக் கிளெய்ம் என்று வந்தால் என்னென்ன தாள் கேட்பார்கள்?

கிளெய்ம்_மாமா

டைவ் கம்ப்யூட்டரில் இருக்கும் டைவ் விவரம் முதலில். அன்றைக்கே அதைப் போனில் இறக்கி ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், கம்ப்யூட்டரை யாரிடமும் கொடுத்துவிட்டு வர வேண்டாம். சான்றிதழ் கார்டு. டைவ் கடையின் சம்பவ அறிக்கை, நேரம் குறித்து, கையெழுத்தோடு. சேம்பரின் சிகிச்சைப் பதிவு: எந்த டேபிள், எவ்வளவு ஆழம், எத்தனை மணி நேரம், யார் டாக்டர். பில் மொத்தமாக ஒரே தொகையில் இருந்தால் வாங்காதீர்கள், பிரித்து எழுதிய பில்தான் வேண்டும். பணம் கட்டிய ரசீது. ஹாட்லைனுக்குப் போன் செய்தபோது கொடுக்கும் கேஸ் எண். பாஸ்போர்ட்டில் வந்துபோன முத்திரை.

முன்பே இருந்த நோய் என்ற கட்டத்தில் ஆஸ்துமா, இதயம், வலிப்பு எது இருந்தாலும் உள்ளதை எழுதுங்கள். டைவ் கடையில் கொடுக்கும் மருத்துவப் படிவத்தில் ஒன்று, பாலிசியில் ஒன்று என்று இருக்கக் கூடாது. கிளெய்ம் பிரிவில் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த இரண்டு தாளையும்தான்.

கடைசியாக, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை. டைவ் கார்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து ஒரு பெயர், பாலிசியில் சர்நேம் கட்டத்தை நிரப்ப ஏஜெண்ட் போட்ட மூன்றாவது பெயர் என்று இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் கேட்டு மெயில் வரும். பாலிசியைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எடுங்கள். டைவ் கார்டில் பெயரை மாற்றித் தரச் சொல்லி உங்கள் பயிற்சி நிறுவனத்துக்கு இப்போதே எழுதுங்கள், பிப்ரவரிக்குள் வந்துவிடும்.

நீலாங்கரை_நீந்தி

மாமா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நாலு பேரில் மூன்று பேருக்குப் பெயர் பொருந்தவில்லை. எழுதிவிட்டு வருகிறேன்.